சரோஜா பெயர் வெட்டிய தட்டு

1. கதவில் ஒரு பெயர்

கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்கியபடி நிமிர்ந்தால், கதவில் பளபளவென்று ஒரு பித்தளைப் பலகை. அதில் யாரோ ஒருவருடைய பெயர். மாடி மாறிவிட்டது போலிருக்கிறது என்று சிலிண்டரை அங்கேயே வைத்துவிட்டு ஒரு மாடி இறங்கிப் பார்த்தேன். இல்லை, மேலேதான். திரும்ப ஏறினேன். போன மாதம் நான் நின்று அடிக்கவைத்த அதே பச்சை பெயின்ட், நான் வாங்கிய அதே பூட்டு. அது என் ஃபிளாட்டேதான். பலகையில் இருந்தது என் கெஸ்ட்டின் பெயர். பத்து நாளைக்கு வந்தவன் ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தான்!

இன்றைக்கு வீட்டை நாள் கணக்கில் வாடகைக்கு விடும் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு எல்லாம் செல்போனிலேயே நடந்துவிடுகிறது. நான் ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தது ஒரு லேண்ட்லைன், ஒரு பழைய ஸ்கூட்டர், ஒரு சாவிக்கொத்து. மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்து, வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்தவன் நான். ஹைதராபாத்தில் ஐ.டி. கம்பெனிகள் மளமளவென்று வந்த நேரம். பிராஜெக்ட் என்று ஊர் ஊராகப் பையன்கள் வந்து இறங்குவார்கள். லாட்ஜ் சாப்பாடு இரண்டே நாளில் அலுத்துவிடும். அவர்களுக்காக நாச்சாரத்தில் மூன்று ஃபிளாட் வைத்து நடத்தினேன். ஒன்று என்னுடையது. மற்ற இரண்டும் அமெரிக்காவில் இருப்பவர்களுடையவை.

ஸ்டோர்ஸ்காரன் புத்தி எங்கே போகும்? ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் ஒரு பட்டியல் போட்டு, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுவேன். அயிட்டம் ஒன்று கட்டில், அயிட்டம் இரண்டு மெத்தை என்று ஆரம்பித்து டீ வடிகட்டி வரைக்கும் போகும். என் ஃபிளாட்டுக்குப் பாத்திரம் கொடுத்தது என் மனைவி சரோஜா. "கல்யாணத்துக்கு வந்த பாத்திரமெல்லாம் பரண்ல தூங்குது. எடுத்துட்டுப் போங்க, யாராவது சமைச்சுத் தின்னட்டும்" என்றாள். எல்லாவற்றிலும் விளிம்பில் புள்ளி புள்ளியாக 'மா. சரோஜா' என்று தமிழில் பெயர் வெட்டியிருக்கும். பெயர் இருந்தால் பாத்திரம் காணாமல் போகாது என்று எனக்கும் திருப்திதான்.

தொழிலில் எனக்கு ஒரே ஒரு விதி இருந்தது. கெஸ்ட் விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது. ஒரு பையன் தினமும் போனில் அழுவான். நான் பெட்ஷீட்டை மாற்றிவிட்டு வந்துவிடுவேன். 'சார் எதுவும் கேக்க மாட்டார்' என்று கெஸ்ட்டுகள் ஒருவருக்கொருவர் சொல்லியே எனக்கு ஆள் வந்தது. அதில் எனக்குப் பெருமை வேறு.

2. என் டைல்ஸ்

இந்தக் கெஸ்ட்டின் பெயர் கார்த்திக். மரியாதையான பையன். செகந்திராபாத்தில் வாடகைக்கு இருக்கும் அப்பா அம்மா பத்து நாள் தன்னோடு தங்குவார்கள், அங்கே பெயின்ட் அடிக்கிறார்கள் என்று சொல்லித்தான் ஃபிளாட்டை எடுத்தான். அன்று காலை போன் செய்து, கேஸ் தீர்ந்துவிட்டது, கேசரி பாதியில் நிற்கிறது, அவசரம் என்றான். போட்டிருந்த பழைய பேன்ட்டோடு கிளம்பினேன்.

பலகையைப் பார்த்த குழப்பத்தோடு மணியை அடித்தேன். கார்த்திக்கின் அம்மா கதவைத் திறந்தார். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ.

"வந்துட்டியாப்பா? சைடுல போ, சைடுல போ" என்று என்னை ஒதுக்கிவிட்டு, உள்ளே திரும்பி, "நம்ம மெயின்டெனன்ஸ் ஆளுதான்" என்றார்.

நான் ஆளா! ஐம்பத்திரண்டு வயதில், என் ஃபிளாட்டுக்குள்ளேயே 'நீ, வா, போ' கேட்டுக்கொண்டு சிலிண்டரோடு நடந்தேன். ஹாலில் முன்பின் தெரியாத ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் நான் மாட்டிய அருவிப் படத்தைக் காணோம். அந்த ஆணியில் சந்தன மாலையோடு யாருடைய தாத்தாவோ தொங்கிக்கொண்டிருந்தார்.

கார்த்திக்கின் அம்மா வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது சமையலறை வரைக்கும் கேட்டது. "லோன் போட்டு வாங்கினான். டைல்ஸ்கூட அவனே செலக்ட் பண்ணான். எங்களுக்கு ஒரு வேலையும் வைக்கலை."

அந்த டைல்ஸுக்காக நானும் சரோஜாவும் மூன்று ஞாயிற்றுக்கிழமை கடை கடையாக அலைந்தோம். அலமாரியைத் திறந்தேன். என் பட்டியலைக் கிழித்துவிட்டார்கள். டேப் ஒட்டிய தடம் மட்டும் இருந்தது.

கார்த்திக் பின்னாலேயே ஓடிவந்தான். சட்டையெல்லாம் வியர்வை.

"அங்கிள், ப்ளீஸ் அங்கிள். நக்கோ, வேணாம், எதுவும் சொல்லாதீங்க. அரை மணி நேரம்தான்."

"என்னடா இது? யாரு இவங்க?"

"பொண்ணு வீட்டுக்காரங்க. திருச்சி. வீடு பார்க்க வந்திருக்காங்க. சொந்த ஃபிளாட் இருந்தாத்தான் பேச்சுன்னு சொல்லிட்டாங்க. அம்மா இருக்குன்னுட்டாங்க. அடுத்த வருஷம் நிஜமாவே வாங்கிடுவேன், பிராமிஸ்."

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது அங்கிள். சென்னையில வேலையில இருக்கா. அடுத்த வாரம் வேலையை விடறா, இங்க வர்றதுக்காக."

வேலையை விட்டுவிட்டு ஒரு பெண் வருவாள். வந்து நிற்க இந்த வீடு இருக்காது. அது அப்போதே எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் என்ன செய்தேன் என்றால், ரெகுலேட்டரை மாட்டினேன். சோப்புத் தண்ணீர் தடவி லீக் பார்த்தேன். என் விதி எனக்கு. கெஸ்ட் விஷயம் கெஸ்ட்டோடு.

"கார்த்திக், பெரிய தட்டா ஒண்ணு எடுத்துட்டு வாடா!" என்று ஹாலிலிருந்து அவன் அம்மா கூப்பிட்டார். தட்டு மாற்றப் போகிறார்கள். அது ஆகிவிட்டால் பேச்சு முடிந்தது, நிச்சயம் ஆன மாதிரிதான்.

அவனுக்குத் தட்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எனக்குத் தெரியும். அயிட்டம் பதினான்கு, மேல் அடுக்கில் வலது ஓரம். நானே எடுத்தேன். தோளில் கிடந்த துண்டால் துடைத்தேன். அவன் கையில் கொடுத்தேன்.

3. செத்துப்போன சரோஜா

வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய் எல்லாம் வைத்துக் கார்த்திக்கின் அம்மா தட்டை நீட்டினார். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அம்மா கை நீட்டி வாங்கினார். வாங்கியவரின் கட்டைவிரல் விளிம்பில் பட்டு நின்றது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"மா. சரோஜா" என்று வாய்விட்டுப் படித்தார். "சரோஜாங்கறது யாருங்க?"

கார்த்திக்கின் அம்மா செகந்திராபாத்திலேயே பிறந்து, தெலுங்கில் படித்தவர். வீட்டில் தமிழ் பேசுவார், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. அந்தப் புள்ளிகளை ஏதோ டிசைன் என்று நினைத்திருப்பார். அவர் திணறுவார் என்று நான் எதிர்பார்த்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எங்க மாமியாருங்க. தவறிப்போய் ஆறு வருஷம் ஆச்சு" என்றார். "அவங்க வச்சிருந்த தட்டு. அவங்க ஆசீர்வாதமே வந்து நிக்குது பாருங்க." முந்தானையால் கண்ணை வேறு ஒற்றிக்கொண்டார்.

உப்புமாவில் உப்பு இல்லை என்று நான் சொன்னதற்குக் காலையில்தான் சரோஜா என்னை ஒரு பிடி பிடித்து அனுப்பியிருந்தாள்.

"யாரும்மா தவறிட்டாங்க?" என்று கத்தினேன். எனக்கே அது என் குரல் மாதிரி இல்லை. "சரோஜா என் பொண்டாட்டி! சைனிக்புரியில வீட்ல உக்காந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருக்கா! இது என் தட்டு! என் ஃபிளாட்டு!"

கார்த்திக்கின் அப்பா குனிந்து டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்த்திக் சுவரோடு சாய்ந்துவிட்டான்.

"கைக்கு? எதுக்கு இப்படிக் கத்தறீங்க?" என்று அவன் அம்மா என் மேல் பாய்ந்தார். "கெஸ்ட்டுன்னு ஒரு மரியாதை வேணாமா?"

கெஸ்ட் என்ற அந்த ஒரு வார்த்தையோடு எல்லாம் முடிந்தது. பெண்ணின் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். பெண்ணின் அம்மா தட்டைப் பழத்தோடு கீழே வைத்தார்.

4. அவர் கேட்டது

பெண்ணின் அம்மா நேராக என்னிடம் வந்தார். உண்மையைச் சொல்கிறேன், நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"நீங்க வந்து எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றார்.

"அரை மணி இருக்கும்மா."

"அந்தப் பையன் உள்ள வந்து உங்ககிட்ட பேசினானே. அப்பவே எல்லாம் தெரியுமா?"

"தெரியும்மா."

"தட்டை எடுத்துக் குடுத்தது?"

என் தோளில் கிடந்த துண்டை அவர் பார்த்தார்.

"என் பொண்ணு வாழ்க்கை போறப்ப அடுப்படியில சும்மா நின்னீங்க. உங்க சம்சாரம் பேரு வந்ததும்தான் வாய் வந்துச்சா?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். பித்தளைப் பலகையும் தாத்தா படமும் கொடுத்த அதிர்ச்சியெல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லாமல் போயிற்று. என் வீட்டுத் தரையில், நான் பார்த்துப் பார்த்து வாங்கிய டைல்ஸில், அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கார்த்திக் அன்றே காலி செய்தான். பலகையை அவனே கழற்றினான். "ஸாரி அங்கிள்" என்று சாவியை நீட்டினான். வாங்கிக் கொத்தில் கோத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் ஏழு வருஷம் அந்தத் தொழிலைச் செய்தேன். புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டால், சாவிக்கு டூப்ளிகேட் வை, சிலிண்டருக்கு ஸ்பேர் வை, பட்டியல் போடு என்றெல்லாம் சொல்வேன். கெஸ்ட் விஷயத்தில் தலையிடாதே என்றும் சொல்வேன். ஆனால் அதனால் அங்கே இல்லாத ஒருவர் ஏமாறுகிறார் என்று தெரிந்தால், அந்த நிமிஷமே வாயைத் திற, உன் வீட்டு ஆள் பெயர் வரும் வரைக்கும் காத்திருக்காதே என்று சேர்த்துச் சொல்கிறேன்.

புதிதாக எழுதி ஒட்டிய பட்டியலில் பதினான்காம் அயிட்டத்தைச் சேர்க்காமல் தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சரோஜா முழுக் கதையையும் கேட்டாள். அவளைச் சாகடித்த இடத்தில் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது அந்தத் தட்டில்தான் கீரை ஆய்கிறாள். வீட்டில் எந்த வேலை சொன்னாலும் செய்கிறேன். பாத்திரம்கூடக் கழுவுவேன். அந்தத் தட்டைத் துடைக்க மட்டும் அவள் என்னிடம் கொடுப்பதில்லை.