முகோயாமாவுக்கு வந்த முகம்

இகுயோ கொடுத்துவைத்தவள். இதை வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. நம்ப வேண்டாம், வயிற்றெரிச்சல்தான். இருபத்திரண்டு வருஷம் ஒரே சமையற்கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தால் உங்களுக்கும் எரியும்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஆறு பள்ளிக்கூடங்கள். ஆறுக்கும் மதியச் சாப்பாடு எங்கள் கூடத்திலிருந்துதான் போகிறது. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் கையில் பெரிய அண்டாவையும் அதைக் கிளற ஆளுயரத் துடுப்பையும் கொடுத்தார்கள். எனக்கு வெங்காயம். வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் வரிசையாகப் பார்க்க வருவார்கள். இகுயோ துடுப்பைச் சுழற்றினால் கைதட்டுவார்கள். வெங்காயம் நறுக்குகிறவளுக்கு யாராவது கைதட்டி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

கல்யாணமும் அப்படித்தான். அவள் பிறந்த முகோயாமா வீட்டில் ஆண் வாரிசு இல்லை. அதனால் அவள் கணவர் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து அவள் குடும்பப் பெயரையே ஏற்றுக்கொண்டார். பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர், தங்கமான மனிதர், குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் செகி வீட்டிலும் ஆண் வாரிசு இல்லை. என்னைப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றதும் மூன்று பேரும் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள். என் தங்கைகள் கல்யாணமாகி வேறு பெயருக்குப் போய்விட்டார்கள். பள்ளத்தாக்கில் செகி என்று மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

வருஷக் கடைசியில் கடைத்தெருவில் குலுக்கல் நடக்கும். ஒரு தடவை அவளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி விழுந்தது, சுவரை அடைக்கிற அளவுக்குப் பெரியது. எனக்கு மூக்குத் துடைக்கிற காகிதம் ஒரு கட்டு. அதுவும் பாதிக் கட்டுதான் இருந்தது.

அந்தப் பெட்டியில்தான் 'நாடுபிடி' என்ற வீடியோ விளையாட்டைப் பார்த்தேன். அவள் மாப்பிள்ளை வாங்கி, புரியவில்லை என்று போட்டுவிட்டாராம். இவள் எடுத்துக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை போனபோது கூடாரம் அடித்தமாதிரி அடியில் கணப்பு வைத்த தாழ்ந்த மேசையின் போர்வைக்குள் கழுத்துவரை புகுந்துகொண்டு, வாயைத் திறந்தபடி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"கினு, சீக்கிரம் வாடி. இங்க பாரு, உங்க ஆளு!"

நானூறு வருஷத்துக்கு முந்திய போர்க்காலம். வரைபடம் முழுக்கக் கோட்டைகள். எங்கள் பள்ளத்தாக்கில் ஆற்றோரம் மேலே ஒரு கோட்டை, கீழே ஒரு கோட்டை. மேலே முகோயாமா பாளையக்காரர், கீழே செகி பாளையக்காரர். என் பெயர் திரையில்! போர்த்திறன் நாற்பத்து நான்கு, புத்தி முப்பத்தேழு, நிர்வாகம் இருபத்தொன்பது. நூற்றுக்குத்தான். முகோயாமாவுக்குப் போர்த்திறன் நாற்பத்து மூன்று, மற்றதெல்லாம் அதே எண்கள். ஒரு புள்ளி எங்களுக்கு அதிகம். அந்த ஒரு புள்ளியை நான் அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

மறுவாரமே நானும் வாங்கிவிட்டேன். அன்று முதல் ஒவ்வொரு பதிப்பும், ஒவ்வொரு கூடுதல் தொகுப்பும் இரண்டு வீட்டிலும் வரும். சாமான் கழுவி முடித்ததும் ஓய்வறையில் கீரை ஊறுகாயும் தேநீருமாக உட்கார்ந்து, நேற்று யார் எந்தக் கோட்டையைப் பிடித்தோம் என்று பேசுவோம். மற்றவர்கள் மருமகளைப் பற்றிப் பேசுவார்கள்.

ஒரே ஒரு குறைதான். அந்த விளையாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைவர்கள். பேர்போனவர்களுக்குத் தனித்தனியாக முகம் வரைந்திருப்பார்கள். எங்களைப் போன்ற சில்லறைகளுக்குப் பொது முகம்தான், முப்பது முகங்களை எல்லோருக்கும் பங்குபோட்டு ஒட்டியிருப்பார்கள். முகோயாமாவுக்கும் செகிக்கும் விழுந்தது ஒரே முகம். தொங்கு மீசை, தூக்கக் கண். இரண்டு பேரும் போரிடும்போது அதே மீசைக்காரன் அதே மீசைக்காரனைப் பார்த்து "துரோகி!" என்று கத்துவான். இகுயோ விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. எனக்குப் பிறகு செகி என்ற பெயர் இந்த விளையாட்டில் மட்டும்தான் இருக்கும். அதற்கு ஒரு முகமாவது வேண்டாமா?

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் அஞ்சலட்டை இருக்கும், தபால்தலை ஒட்ட வேண்டாம். விளையாடிப் பார்த்து உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள் என்று கேட்பார்கள். கடைசிக் கேள்வி: அடுத்த தொகுப்பில் யாருக்கு முகம் வரைய வேண்டும்? ஒரு பெயர்தான் எழுதலாம். நான் செகி என்று எழுதுவேன், அவள் முகோயாமா என்று எழுதுவாள். வருஷக்கணக்காக இரண்டு பேருக்கும் மீசைக்காரன்தான்.

போன பதிப்பு வந்தபோது இகுயோ ஒரு யோசனை சொன்னாள்.

"இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுத்தா ஜென்மத்துக்கும் வராதுடி. ரெண்டு ஓட்டையும் ஒரே ஆளுக்குப் போடுவோம். இந்த தடவை ஒருத்தர், அடுத்த தடவை இன்னொருத்தர்."

"முதல்ல யாரு?"

"கல்லு, காகிதம், கத்தரி போடு. ஒரே ஆட்டம்."

நான் கல் போட்டேன். அவள் காகிதம் போட்டு ஜெயித்தாள். வேறென்ன நடக்கும்?

வாக்குக் கொடுத்தால் மாறுகிறவள் இல்லை நான். வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்து, பெயர்க் கட்டத்தில் முகோயாமா என்று எழுதினேன். கீழே பத்து வரி காலியாக இருந்தது. 'இவரைப் பற்றித் தெரிந்ததை எழுதுங்கள்.' பத்து வரி! அடிவயிற்றிலிருந்து எரிந்து வந்தது. படிக்கிறவன் சிரித்துவிட்டுக் குப்பையில் போடுகிறமாதிரி எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

'எங்கள் பள்ளத்தாக்கில் வழிவழியாகச் சொல்வார்கள்,' என்று தொடங்கினேன். யாரும் எதுவும் சொன்னதில்லை. 'முகோயாமாவுக்கு வாணலியைக் கவிழ்த்ததுபோல் நெற்றி. சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போகும். இடது கண்ணுக்குக் கீழே பட்டாணி அளவு மச்சம். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும். எப்போதும் வாயைத் திறந்தே வைத்திருப்பார். போர் நடக்கும்போதும் கையில் சோற்றுருண்டை இருக்கும். வாளைவிடத் துடுப்பைத்தான் நன்றாகச் சுழற்றுவார். கோட்டையை முற்றுகையிட்டபோது தளபதியாக நிற்காமல் அடுப்படியில் நின்று அண்டாவைக் கிளறினார். தனக்கு வைத்துக்கொள்ளாமல் எல்லாருக்கும் ஊற்றிக்கொடுத்துவிட்டுப் பசியோடு தூங்கிப்போனார், முட்டாள்.' இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். முடித்தபோது உடம்பு லேசாகிவிட்டது. அன்றைக்கே தபாலில் போட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து, நவம்பரில் முதல் பனி விழுந்த வாரம், கூடுதல் தொகுப்பு வந்தது. சனிக்கிழமை காலை கடையில் இருவரும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனோம்.

தொகுப்பு நன்றாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்? இந்தத் தடவை பனிக்காலத்தில் கணவாய்கள் நான்கு மாதம் அடைபட்டுவிடுகின்றன, படை நகராது. இப்போதாவது இவர்களுக்கு எங்கள் ஊர் புரிந்திருக்கிறது. ஆறு உறைந்தால் மேலே நடந்து போகலாம். தலைவர்களின் மனைவிமாரைத் தூது அனுப்பலாம். குதிரைகள் மட்டும் இன்னும் காற்றைத் தின்றுதான் உயிர் வாழ்கின்றன. ஒரு மூட்டை தானியத்தில் நூறு குதிரை குளிர்காலத்தைக் கடக்கிறது. விளையாட்டை எழுதியவன் ஒரு குதிரையையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும்.

"குதிரையை விடு, நம்ம பக்கம் போவோம்," என்று இகுயோ பள்ளத்தாக்கில் கொண்டுபோய் நிறுத்தினாள். முகோயாமாவை அழுத்தினாள்.

சுவரளவு திரையில் இகுயோவே வந்து நின்றாள்.

வாணலி நெற்றி. காணாமல் போன கண். மச்சம். பல் இடுக்கு. பழைய மீசை மட்டும் அப்படியே. கவசத்துக்கு மேல் ஒரு கையில் சோற்றுருண்டை, மறு கையில் துடுப்பு. வாயெல்லாம் பல்லாக ஒரு சிரிப்பு. நிர்வாகம் இருபத்தொன்பதிலிருந்து அறுபத்தொன்றாகியிருந்தது. போதாதென்று ஒரு தனித்திறன் வேறு: 'அன்னமிடும் கை. உணவு தீர்ந்தாலும் இவர் படை கலையாது.'

"ஐயோ, கினு!" அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மச்சத்தைப் பாருடி, அதே இடம்! பல்லைப் பாரு! ரத்தம்டி ரத்தம், எங்க போகும்? என்னங்க, இங்க வாங்க, நம்ம பெரியவர் வந்திருக்காரு!"

மாப்பிள்ளை வந்து பார்த்தார். திரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "மீசை மட்டும்தான் உனக்கு இல்ல," என்றார்.

என் முகத்தில் ஈயாடவில்லை. செகியை அழுத்தச் சொன்னேன். அதே தொங்கு மீசை, அதே தூக்கக் கண். போர்த்திறன் நாற்பத்திரண்டு. இரண்டு புள்ளியைக் குறைத்திருந்தார்கள்! முகோயாமாவுக்கு அதே நாற்பத்து மூன்று. எனக்கென்று இருந்த அந்த ஒற்றைப் புள்ளியும் போயிற்று.

திங்கட்கிழமை அவள் அந்த முகத்தைப் பெரிதாக அச்செடுத்து வந்துவிட்டாள். ஓய்வறைச் சுவரில் ஒட்டினார்கள். மேற்பார்வையாளர் ஒகபே சார்கூட வந்து பார்த்து, "இவர் நம்ம கூடத்துக்கே காவல் தெய்வம் மாதிரி இருக்காரே," என்றார். சாப்பாட்டு வண்டி ஓட்டுகிறவர்கள் போகும்போதும் வரும்போதும் அதற்கு ஒரு வணக்கம் வைத்தார்கள். நான் வெங்காயம் நறுக்கினேன். அந்த நெற்றி என்னுடையது, அந்த மச்சத்தை வைத்தது நான், அந்தச் சோற்றுருண்டை என் வயிற்றெரிச்சல் என்று கத்த வேண்டும் போலிருந்தது. எப்படிக் கத்துவது? உன்னைக் கேலி செய்ய எழுதினேன், அது உனக்கே மாலையாக விழுந்தது என்று சொல்ல முடியுமா? கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயத்தைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு இகுயோ ஓய்வறையில் என்னை உட்காரவைத்தாள். மேசைமேல் மூன்று அஞ்சலட்டைகளைப் பரப்பினாள்.

"இது என்னோடது. இது எங்க வீட்டுக்காரரை வாங்க வெச்சது. இது ஒகபே சாரோடது. அவருக்கு விளையாடவே தெரியாது, பாவம், நான் தொல்லை பண்ணி வாங்க வெச்சேன். உன்னோடதையும் சேர்த்தா நாலு ஓட்டு. இந்த தடவை செகிதான். வாக்கு வாக்குதான்."

நான் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

"போன தடவை நீ என்ன எழுதினியோ, அப்படியே வந்துச்சு. அப்படி என்னடி எழுதின?"

"சும்மா. நல்லதா நாலு வார்த்தை."

"அதே மாதிரி இப்பவும் சொல்லு. உங்க ஆளு எப்படி இருந்தாரு? நெத்தி எப்படி?"

என் நெற்றியைத் தடவிப் பார்த்தேன்.

"மூக்கு?"

செகிக்கு எப்படிப்பட்ட மூக்கு இருக்கும்? எங்கள் அப்பாவுடைய மூக்கு எப்படி இருந்தது? என் மூக்கு எப்படி இருக்கிறது? ஒன்றும் வரவில்லை. முகோயாமாவுக்குப் பத்து வரி போதாமல் ஓரத்தில் எழுதியவள் நான். சிரித்தால் எந்தக் கண் முதலில் மறையும் என்றுகூட எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது அவள் முகத்தை மட்டும்தான். சொந்தமாக ஒரு வரி இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

"மீசை... மீசை இருக்கும்," என்றேன்.

"கிழிச்ச. தள்ளு, நானே எழுதறேன்."

அவள் பேனாவை எடுத்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடகடவென்று எழுதினாள். எழுதி முடித்து அட்டையை என் பக்கம் திருப்பினாள்.

'செகி பாளையக்காரருக்கு இடது புருவம் சற்று மேலே இருக்கும். கோபம் வந்தால் முகம் மாறாது, காது மட்டும் சிவக்கும். கீழுதட்டைக் கடித்துக்கொள்வார். யாருக்கும் கொடுத்த வாக்கை மீறியதில்லை. கெட்டிக்காரர். ஆனால் விருந்தில் உட்கார்ந்தால் பக்கத்துத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். தன் தட்டில் இருப்பது ஆறிப்போகும். பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியும். தெரிந்தும் இடம் மாறி உட்கார்ந்ததில்லை.'

இரண்டு தடவை படித்தேன். பத்து வரிக்குள் அடங்கியிருந்தது, ஓரத்தில் எழுத வேண்டிய அவசியமே அவளுக்கு வரவில்லை. அதிலும் என்னை முந்திவிட்டாள்.

"சரியா இருக்காடி?" என்றாள்.

காது சுட்டது.

"ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க அக்கா," என்றேன். என்னைவிட இரண்டு வயது பெரியவள்தான் அவள். அதுவரை நான் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை.