கன்னிமூலையில் ஒரு குழி

குலசேகரம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் எதில் சிக்கனம் பார்த்தாலும் வாஸ்துவில் பார்ப்பதில்லை. என் கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், அதில் ஒரு படி மேல். செருப்பைக் கழற்றிவிடக்கூட திசை பார்ப்பார். அவர் வீடு எங்களுக்குத் தென்மேற்கே, சற்றுப் பள்ளத்தில் இருக்கிறது. எங்கள் மனையின் மூலையும் அவர் மனையின் மூலையும் ஒரே எல்லைக்கல்லில் முட்டிக்கொள்ளும். வைகாசியில் பிடிக்கும் ஒவ்வொரு இடவப்பாதி மழைக்கும் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர் அந்த மூலை வழியாக அவர் வராந்தாவுக்குப் போய்விடும். உடனே அங்கிருந்து வசவு வந்துவிடும்.

போன கோடையில் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தேன். அந்த மூலையில் ஆழம் குறைந்த குழி வெட்டி, ஈரம் தாங்கும் நம்மூர்ச் செடிகளை நட்டால் மழை அங்கேயே தங்கி மண்ணுக்குள் இறங்கிவிடும். நடுவில் நீர்மருது, சுற்றிலும் நொச்சியும் தெச்சியும், கரையைப் பிடிக்க வெட்டிவேர் என்று கன்றுகள் வாங்கி வைத்தேன். மண்வெட்டி விழுந்த அன்றே அத்தான் வந்துவிட்டார். தென்மேற்குதான் கன்னிமூலை, அது மேடாகத்தான் இருக்க வேண்டும், அங்கே குழி விழுந்தால் குடும்பத் தலைவனுக்கு ஆகாது என்றார். பிறகு தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

“ஏலே, ஒனக்கப் பொண்டாட்டி ஒன்னயக் குழியில எறக்கப் பாக்கா.”

எங்கள் குடும்பத் தலைவர் அன்று சாயங்காலமே நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கன்றுகள் பையிலேயே வாடிக்கொண்டிருந்தன, மலைப்பக்கம் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. அத்தானோடு வாதாடி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அதனால் நான் வாதாடவில்லை. அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எடுத்துக்கொண்டு, வாஸ்து கற்றுக்கொள்ள அவர் வீட்டுக்குப் போனேன்.

ஒவ்வொரு திசையாகக் கேட்டேன். வடகிழக்கு வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதுதான் ஈசானிய மூலை, அங்கே தண்ணீர் நின்றால் வீட்டில் செல்வம் நிற்கும் என்றார்.

“அப்போ அந்தக் குழி உங்களுக்க ஈசானிய மூலையில்லியா, அத்தான்? நீங்களே எடுத்துக்கிடுங்க,” என்றேன்.

மீன்முள்ளைக் கையில் பிடித்தபடியே எழுந்து வாசலுக்குப் போய் அந்த மூலையைப் பார்த்தார். குழிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு வரிசைக் கல் அடுக்கிப் பிரித்துவிட்டால் தம்பிக்கு ஒரு தோஷமும் இல்லை என்று பரிகாரத்தையும் அவரே சொன்னார். மறுநாள் அவருடைய ஆட்களே வந்து வெட்டினார்கள். வாங்கி வைத்திருந்த கன்றுகளை நட்டதோடு என் வேலை முடிந்தது.

இடவப்பாதி பெய்தது. குழி நிறைந்தது, பிறகு மெல்ல வற்றியது. அவர் வராந்தா நனையவில்லை. இப்போது களை பறிப்பதும் அவர்தான், வருகிறவர்களுக்கெல்லாம் தன் ஈசானிய மூலையைக் கூட்டிப்போய்க் காட்டுவதும் அவர்தான். என் கணவரோ நெஞ்சைத் தடவுவதையே மறந்துவிட்டார்.

தெச்சி முதன்முதலாகப் பூத்த அன்று கல்வரிசைக்கு இப்பால் நின்றபடி ஒரு கொத்துப் பறிக்கக் கை நீட்டினேன். வராந்தாவிலிருந்து அத்தான் என்னைக் கூப்பிட்டார்.

“மக்களே, பூ வேணும்னா கேட்டுட்டுப் பறி. அது எங்களுக்க மூலையாக்கும்.”

ரொம்ப மரியாதையாகக் கேட்டேன். தாராளமாக அனுமதி கொடுத்தார். கூட இரண்டு கொத்து பறித்துக்கொண்டேன்.