நார்மல் என்று எழுதிய மாதங்கள்

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்களை மூடி உட்கார்ந்திருக்கும் என் தோழியின் முகம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. தொற்றுக் காலத்தில் எங்கள் மருத்துவக் கல்லூரியை மூடிவிட்டார்கள். பாடங்கள் எல்லாம் ஆன்லைனுக்குப் போயின. பொழிச்சலூரில் அவள் வீட்டுக்கு மேலே விமானங்கள் தாழ்ந்து பறக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவிலும், பதிவு செய்யப்பட்ட இதயச் சத்தத்தைக் கேட்டு, எந்த வால்வில் கோளாறு என்று நொடியில் சொல்லிவிடுவாள்.

கல்லூரி திறந்த பிறகும் வார்டுக்குப் போன நாட்கள் குறைவுதான். தாம்பரத்தை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் நாங்கள் இருவரும் பயிற்சி மருத்துவர்களாகச் சேர்ந்தபோதுதான் உண்மை புரிந்தது. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தால் அவளுக்கு மின்விசிறி, பக்கத்துக் கட்டில் இருமல், நோயாளியின் மூச்சு எல்லாம் கேட்டன. கேட்க வேண்டியது மட்டும் கேட்கவில்லை. எனக்கும் அப்படித்தான். அவளிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை, அவளும் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டில் இதயம் என்ற இடத்தில் ‘நார்மல்’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தோம். அப்படியே மாதங்கள் போயின.

ஒரு காலையில் பீர்க்கன்கரணையிலிருந்து ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்தாள். கட்டட வேலை செய்பவள். “படுத்தா மூச்சு முட்டிகினு வருது டாக்டரம்மா” என்றாள். தோழி பரிசோதித்துவிட்டு வழக்கம்போல் எழுதினாள். தேநீர் குடிக்கப் போன இடத்தில் தம்ளரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். வால்வு சுருங்கிய கர்ப்பிணிகள் இதே வார்த்தையைத்தான் சொல்வார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தது அவளை உறுத்திக்கொண்டிருந்தது. திரும்பிப் போய், அதில் காட்டியபடி அந்தப் பெண்ணை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கேட்டாள். அப்போதும் ஒன்றும் பிடிபடவில்லை.

நேராக உதவிப் பேராசிரியரிடம் போனாள், நானும் பின்னால் போனேன். “மேடம், நார்மல்னு எழுதிட்டேன். ஆனா எனக்கு எதுவும் கேக்கல. இதுவரைக்கும் எந்தப் பேஷண்ட்கிட்டயும் எனக்குக் கேட்டதில்ல.”

மேடம் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தார். வெகுநேரம் கேட்டார். நிமிர்ந்ததும் உடனே ஆக்சிஜன் கொண்டுவரச் சொன்னார். மாலைக்குள் இதயத்தின் எக்கோ ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. வால்வு சுருங்கித்தான் போயிருந்தது. கவனிக்காமல் விட்டிருந்தால் பிரசவத்தில் தாயையே இழந்திருப்போம் என்றார் மேடம். பிறகு என்னைப் பார்த்து, “உனக்கு?” என்று கேட்டார்.

“எனக்குக் கேக்கும் மேடம்” என்றேன்.

தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். தோழி அதன்பின் தினமும் இதயச் சத்தப் பதிவை ஒருமுறை கேட்பாள், கையோடு நோயாளியிடம் போய்க் கேட்பாள். மேடம் பக்கத்தில் நின்று திருத்துவார். தான் எழுதிய பழைய ஷீட்டுகளைத் தேடி எடுத்து, முடிந்தவரை அத்தனை பேரையும் திரும்ப வரவழைத்தாள். நானும் காலம் தாழ்த்தி, யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொண்டேன். ஆனால் யாரையும் திரும்ப அழைக்கவில்லை.

இப்போது பம்மலில் என் கிளினிக். எப்போதாவது ஒருவர் மூச்சிரைக்க உட்கார்ந்து, “அப்பவே அந்த ஆஸ்பத்திரில பாத்தாங்க, நெஞ்சு நல்லா கீதுன்னு எழுதிக் குடுத்தாங்க” என்று நாங்கள் பயிற்சி பெற்ற மருத்துவமனையின் பழைய காகிதத்தை நீட்டுவார். ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால், அந்தக் கையெழுத்து யாருடையது என்று பார்க்கிறேன்.