சுருளிப்பட்டி உப்பு

மழை ஈரத்தில் கசிந்திருக்கும் உப்புப் பானையைத் திறக்கும்போதெல்லாம் எனக்குக் குளச்சல் ஞாபகம் வந்துவிடுகிறது. பச்சை மலைகள் கடலைப் பார்த்து இறங்கி வருகிற அந்தச் சின்னத் துறைமுகத்தில்தான் என் அக்காளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் புதுவீடு குடிபோகிறாள் என்று, சுருளிப்பட்டியிலிருந்து நாள்கணக்காக மாட்டுவண்டியில், அம்மா மடியை விட்டு இறக்காத ஒரு படி உப்போடும், வழியெல்லாம் உருண்டு என் காலை இடித்துக்கொண்டே வந்த பூசணிக்காயோடும் எட்டு வயதில் நான் அங்கே போய் இறங்கினேன்.

கருவாடும் தேங்காய் நாரும் சேர்ந்து மணக்கிற தெரு. தெருமுனையில் நின்றால் பாய்மரக் கப்பல்கள் ஆடுவது தெரியும். புதுவீட்டுக்கு எதிரிலேயே உப்பு, ஓலை போர்த்தி, வைக்கோற்போர் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அம்மாவின் மடியில் இருந்ததைப் பார்த்துவிட்டு அக்காளின் மாமியார் தெருவே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள்.

“உப்பளத்துக்கா மதினி உப்பு சொமந்துட்டு வந்திய?”

அக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா குனியவில்லை.

“ஒங்க கடல்ல எம்புட்டுக் கெடந்தா எனக்கென்ன மதினி? எம் மக வீட்டுக்கு மொத உப்பு பொறந்த வீட்டு உப்புத்தான். எங்க பெரியவக அப்படித்தான் சொல்லிட்டுப் போயிருக்காக.”

சொல்லிவிட்டு நேரே அடுப்படிக்குப் போய், புதுப்பானையில் கடைசிக் கல் வரை உதறிக் கொட்டினாள்.

அந்த வீட்டையும் தெருவையும் பிற்பாடு கடல் கொண்டுபோய்விட்டது. கொண்டுபோகட்டும். அந்தக் கடலில் எங்கள் உப்பும் ஒரு படி கிடக்கிறது.