சம்பந்திகளும் மஞ்சள் பட்டையும்

மருதமலையான் மேல் சத்தியம், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. வெப்சைட் செய்கிற தொழிலில் கம்ப்யூட்டர் சொன்னபடி கேட்கும். கலர் சொல்ல வருகிறவர்கள்தான் கேட்கமாட்டார்கள். இந்தப் பாடு பட்ட சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒன்று விட்டு ஒன்று

மில்லில் ரிட்டயரானதும் பீளமேட்டில் ஒரு ரூம் பிடித்துக் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தேன். துண்டு விற்கும் சூலூர்க்காரரும் பெட்ஷீட் விற்கும் ஈரோட்டுக்காரரும் சேர்ந்து வந்தார்கள். முன்னவர் மகளுக்கும் பின்னவர் மகனுக்கும் நிச்சயமாகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு கடைக்கும் ஒரே வெப்சைட். மனஸ்தாபம் வரக்கூடாதென்று, பட்டியலில் ஒரு துண்டு, ஒரு பெட்ஷீட் என மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார்கள். கண்ணுக்கு வசதியாக இருக்கட்டுமே என்று ஜாவாஸ்கிரிப்டில் நாலு வரி எழுதி, ஒற்றைப்படை வரிசைக்கு மஞ்சளும் இரட்டைப்படைக்குச் சாம்பலும் பூசிவிட்டேன்.

துண்டெல்லாம் மஞ்சளில் மின்னியது. ஈரோட்டுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏனுங்ணா, நல்ல காரியம் நடக்கப்போற நேரத்துல எங்க சரக்க மட்டும் சாம்பல்ல படுக்க வெச்சுட்டீங்களே, அடுக்குமுங்களா?"

இல்லாத சரக்கு

கேட்ட சூட்டோடு அவரே, சரக்குச் சேர்க்க நான் ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்த பாஸ்வேர்டைப் போட்டு, பட்டியலின் உச்சியில் 'ராஜா ஸ்பெஷல்' என்று இல்லாத சரக்கொன்றைச் சேர்த்துவிட்டார். எல்லாம் ஒரு வரிசை இறங்கியது. பெட்ஷீட் மஞ்சளானது, துண்டு சாம்பலானது. சூலூர்க்காரர் சும்மா இருப்பாரா? அதற்கு மேலே 'மகாராஜா ஸ்பெஷல்'. ஈரோட்டுக்காரர் மறுபடி 'சக்கரவர்த்தி ஸ்பெஷல்'. படமும் கிடையாது, சரக்கும் கிடையாது.

வெளியூர் வியாபாரி ஒருவர் எனக்கே போன் போட்டார். "படமே போடலீங்கன்னா அந்தச் சக்கரவர்த்தி ரொம்ப ஒசத்தியாத்தான் இருக்கோணும், ஒரு லாரி அனுப்பிப்போடுங்க!"

சீர்த்தட்டு

அடுத்து வந்த சூலூர்க்காரர் உட்காரக்கூட இல்லை. கலருக்கே இப்படி மல்லுக்கட்டுகிறவர் வீட்டுக்குப் பெண்ணை எப்படி அனுப்புவது, கல்யாணத்தையே நிறுத்திவிடலாம் என்றார். அவர் போன கையோடு கல்யாணப்பெண்ணே போனில் வந்தாள். "மாமா, உங்க கலரால எங் கல்யாணம் நின்னுச்சுன்னா, சீர்த்தட்டோட உங்க ரூமுலயே வந்து உக்காந்துக்குவேனுங்க."

மண்டபத்தில்

என் ரூமில் இருப்பதோ ஒரே நாற்காலி. ராஜாக்களையெல்லாம் அழித்துவிட்டு, இன்னும் ரெண்டு வரி எழுதினேன்: யார் தன் பாஸ்வேர்ட் போட்டுத் திறக்கிறாரோ, அவர் சரக்குக்கு மஞ்சள். இருவரும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று குளிர்ந்துபோனார்கள். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது.

பந்தி முடிந்து சம்பந்திகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் ஆளுக்கொரு போனில் வெப்சைட்டைத் திறந்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். சூலூர்க்காரர் எட்டிப் பார்த்தார், உச்சுக்கொட்டினார், சம்பந்தி தோளில் கைபோட்டார். "ஏனுங்க சம்பந்தி, உங்க போன்ல கலரெல்லாம் மாறிக் கெடக்குதே! சீரோட சீரா புதுசொண்ணு வாங்கித் தாரேனுங்க."

"அட, அதையேதானுங்க நானும் உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தேன்!"

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள், எனக்கு ரெண்டே வரி போதுமாயிருந்தது. யார் சொன்னதென்று மட்டும் சூலூர்ப் பக்கமோ ஈரோட்டுப் பக்கமோ போய் வாயைத் திறந்துவிடாதீர்கள், சாமி.