செவ்வாய், வெள்ளி மாவு

மாலையில் செம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து காற்று கிளம்பினால், எங்கள் வீட்டு இரும்புக் கேட்டில் மாட்டியிருக்கும் காலித் தூக்குகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். எவர்சில்வர் தூக்கின் ஓசை மெல்லியது. அலுமினியத் தூக்கு தடதடவென்று கத்தும். உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் நான், ஓசையை வைத்தே எத்தனை தூக்கு என்று ஊகித்துவிடுவேன். ஊகித்ததை நம்பாமல் எழுந்துபோய் எண்ணுவேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழுந்து போவேன். பதினொன்று இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு சீராக வரும்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. பல்லாவரம் பக்கம் அப்பா வேலை பார்த்த சிறிய தொழிற்சாலையை ஆடி மாதத்தில் மூடிவிட்டார்கள். ஆவணி பிறந்த முதல் வாரம், மாமா வீட்டில் சும்மா கிடந்த கிரைண்டரை அம்மா இரவலாக வாங்கிவந்து, "இட்லி மாவு கிடைக்கும்" என்று ஒரு சிலேட்டில் எழுதிக் கேட்டில் கட்டினாள். மாவு வேண்டியவர்கள் நகப்பூச்சால் பெயர் எழுதிய தூக்கை மாலையில் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார்கள். மறுநாள் விடிந்ததும் நிரம்பிய தூக்கை எடுத்துக்கொள்வார்கள். ஒரு வீட்டுத் தூக்கு தொடர்ந்து வரவில்லையென்றால் அந்த வீடு போய்விட்டதென்று பொருள். யாரும் முகத்துக்கு நேரே வேண்டாமென்று சொல்வதில்லை.

எனக்கு இரண்டு வேலைகள். ஒன்று, பள்ளி விட்டு வந்ததும் தெருமுனைத் தொட்டியில் வரிசை நின்று "நல்ல தண்ணி" பிடித்து, மாவு அரைக்கிற டிரம்மை எட்டுக் குடத்தால் நிரப்புவது. கொல்லைக் குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்றின் "போர் தண்ணி". துணி துவைக்கலாம், வாயில் வைக்க முடியாது. இன்னொன்று, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றன்றைய விவரத்தைக் குறிப்பது: உளுந்து எத்தனை மணிக்கு ஊறியது, உப்பு எத்தனை கரண்டி, எத்தனை தூக்கு, யார் என்ன சொன்னார்கள். இரண்டாவது வேலை எனக்குப் பிடித்திருந்தது. அந்தத் தாள்கள் இன்றும் என் கையில் இருப்பதால், கீழே சொல்லும் கிழமைகளில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆவணி முடிவதற்குள் புகார் வரத் தொடங்கியது. எதிர்வீட்டு எஸ்தர் அக்கா ஒரு புதன்கிழமை காலையில் தெருவுக்கே கேட்கும்படி, "இன்னா விமலா, மெரினாவையே மாவுல கரைச்சு வுட்டுட்டியா?" என்றாள். அம்மா பதறிப்போய் அன்றைக்கு உப்பைக் குறைத்தாள். வியாழக்கிழமை அதே எஸ்தர் அக்கா, "இன்னிக்கு இன்னாடான்னா ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி சப்புனு கீது?" என்றாள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றதால் தெரு முழுக்க "கார்டு சார்" என்று அழைத்த பெரியவர் மட்டும் மரியாதையாக, "நேத்து உப்பு, இன்னிக்கு உப்பே இல்ல. உங்க சிக்னலே புரியலையேம்மா" என்றார். அம்மா கரண்டியை மாற்றினாள், உப்பை மாற்றினாள், அரிசி வாங்கும் கடையை மாற்றினாள். மூடி வைத்த மாவு பொங்குகிறதா என்று நான் வேறு போய்ப் போய்த் திறப்பேன். "அதைச் சும்மா வுடேன்டி, நீ முறைச்சா பயத்துல எழும்பாமலே போயிடும்" என்பாள். அவளும் நான் அந்தப் பக்கம் நகர்ந்ததும் திறந்து பார்ப்பாள்.

புரட்டாசி இரண்டாம் வாரத்தில் தூக்குகள் ஆறாகிவிட்டன. எஸ்தர் அக்காவின் அலுமினியத் தூக்கும் நின்றுபோயிற்று. "என் கைதான் சரியில்லைங்க. மாசக் கடைசில கிரைண்டரைத் தம்பிகிட்டயே குடுத்துடலாம்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். பகலெல்லாம் கேட்டுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்த அப்பா, அன்று என் தாள்களை வாங்கித் தரையில் பரப்பினார். சற்று நேரத்தில், "இங்க பாரு, உப்பு கரிக்குதுன்னு சொன்னதெல்லாம் புதன், சனி. அப்போ அரைச்சது செவ்வாய், வெள்ளி. ஏதோ தோஷம்தான். அந்த ரெண்டு நாளும் அரைக்க வேணாம்" என்றார்.

"சனி, ஞாயிறுக்குத்தான் எல்லாரும் மாவு கேக்கறாங்க. வெள்ளிக்கிழமை அரைக்கலைன்னா அப்புறம் எதுக்கு அரைக்கறது?" என்றாள் அம்மா.

செவ்வாயும் வெள்ளியும் எனக்கு டியூஷன் நாட்கள். அந்த நாட்களில் வரிசை நகரும்வரை நிற்கப் பொறுமையின்றி, நான்கு குடம் தொட்டியிலும் மீதி நான்கு உப்புக் கரிக்கும் கொல்லைக் குழாயிலும் பிடித்து ஊற்றிவிட்டு ஓடிவிடுவேன். பாதிதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருந்தேன். நானே எழுதி அடுக்கிய தாள்கள் என்னைக் காட்டிக்கொடுத்தன. அப்பாவோ அவற்றைப் படித்துவிட்டுப் பழியைக் கிழமையின் மேல் போட்டுவிட்டார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் கிரைண்டர் போய்விடும்.

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். வெள்ளிக்கிழமை தொட்டி வரிசையில் நின்றேன். டியூஷன் நேரம் வந்தது, கடந்தது. எட்டாவது குடத்தோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா, "இன்னிக்கு டியூஷன் இல்லையா?" என்று கேட்டாள். குடத்தை இறக்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு கொல்லைக் குழாயைப் பார்த்தாள். "அடிப்பாவி! கரண்டியை மாத்தினேன், கடையை மாத்தினேன், சாமியைக்கூடத் திட்டினேன்டி!" என்று கத்தினாள். கத்திக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தி, "அப்போ என் கையில ஒண்ணும் கோளாறு இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடி விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. "குடத்தை இறக்கு. வா, பதினோரு வீட்டுலயும் நீயே சொல்லு" என்று செருப்பை மாட்டினாள்.

சொன்னேன். கார்டு சார் தலையை மட்டும் ஆட்டினார். எஸ்தர் அக்கா இடுப்பில் கை வைத்து, "இத்தினி நாளா போர் தண்ணி இட்லியா துன்னுகினு இருந்தோம்? ஒரே பேஜாரா பூட்ச்சுடி உன்னோட!" என்றாள். அம்மா ஒவ்வொரு வாசலிலும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: "நாளைக்கு மாவு நான் சும்மா தரேன். புடிச்சிருந்தா சாயந்திரம் தூக்கை மாட்டுங்க."

சனிக்கிழமை மாலை நான் கேட்டுக்குப் போன தடவைகளுக்குக் கணக்கில்லை. ஐந்து மணிக்கு மூன்று தூக்கு. ஆறு மணிக்கு, வழக்கமான ஆறு. அப்பா கேட்டருகே வந்து நிற்பார், போவார். வெளிச்சம் மங்கும் நேரத்தில் தடதடவென்று ஒரு சத்தம். எஸ்தர் அக்கா அலுமினியத் தூக்கை மாட்டிக்கொண்டே, "நாளைக்கு மட்டும் கரிச்சுதுன்னு வையி, வூட்டாண்டையே வந்து கத்துவேன்" என்றாள். தாளில் எழுதினேன்: ஏழு.

மாதக் கடைசியில் கிரைண்டர் திரும்பிப் போகவில்லை. தை மாதத் தாள்களில் பதினான்கு என்று இருக்கிறது. அதில் ஐந்து புதிய வீடுகள். பழைய பதினொன்றில் இரண்டு திரும்ப வரவே இல்லை. அந்தப் பெயர்களையும் குறித்து வைத்திருக்கிறேன்.

அந்த வீடு இப்போது நான்கு மாடிக் குடியிருப்பு. கேட்டில் கேமரா இருக்கிறது, தூக்கு மாட்ட இடமில்லை. தெருமுனைத் தொட்டி போய், மழைநீர் வடிகாலின் மூடி அங்கே கிடக்கிறது. கார்டு சாரும் இல்லை, எஸ்தர் அக்கா எங்கே குடிபோனாள் என்றும் தெரியவில்லை. நானும் அம்மாவும் இருக்கும் மேடவாக்கம் அடுக்ககத்தில், தேதி அச்சிட்ட பிளாஸ்டிக் பையில் மாவு வருகிறது.

போன மாதம் என் அலுவலகத்தில் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். அன்று முதல் அப்பாவைப் போலவே ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். நேற்று அம்மா, மாவுப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டாள். "சும்மா நடந்துகிட்டே இருக்காத, அரிசியைக் கழுவி ஊற வை" என்றாள். வைத்தேன். உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பாராமலே கேட்டாள்:

"தண்ணி எதுல புடிச்ச?"

"கேன் தண்ணிதாம்மா."

"எழுதி வை."

காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்துத் திருப்பினேன். செவ்வாய், நல்ல தண்ணீர் என்று எழுதினேன்.