கப்புக்குத் தைத்த சுருக்குப்பை

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், அலமாரியைத் திறந்து நானும் அக்காவும் பங்கு போட்டுக்கொண்டோம். அக்கா பிரான்சில் இருக்கிறவள். டிக்கெட் கிடைக்காமல் அடக்கத்துக்கு வர முடியவில்லை, பூசைக்குத்தான் வந்தாள். அவள் கேட்டது ஆறு பீங்கான் டீக் கப்புகளை. வீடு மந்திரிக்க ஃபாதர் வரும்போது மட்டும் அம்மா வெளியே எடுப்பாளே, அவை. நான் கேட்டது ஒரே ஒரு வாயில் புடவை. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அம்மா அவிழ்த்துப் போட்டது, துவைக்காதது. மற்ற புடவைகளை ஏற்கெனவே கேட்டவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது.

"அத வச்சிக்கினு இன்னாடி பண்ணப் போற?" என்றாள் அக்கா.

அம்மாவின் தைல வாடை அதில் இருக்கிறது, மோந்து பார்ப்பேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"இந்தக் கப்பு ஒடையாம போய்ச் சேரணும்டி. நீதான் நல்லா தைப்பியே" என்று கண் கலங்கினாள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது.

கப்புக்கு ஒன்றாக ஆறு சுருக்குப்பை. வெளியே கெட்டியான பெட்ஷீட் துணி, நடுவில் தலையணைப் பஞ்சு. பஞ்சு வைத்ததும் மெஷின் ஊசி ஏற மாட்டேன் என்றது. கையால்தான் குத்தினேன், விரலெல்லாம் புண். உள்ளே வைக்க அந்தப் புடவையையே வெட்டினேன்; வாயில் மெல்லிசு என்பதால் ஏழெட்டு மடிப்பாக வைக்க வேண்டியிருந்தது. வெட்டுமுன் கடைசியாக ஒருமுறை மோந்து பார்த்தேன். அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்காதவளுக்கு இதாவது போய்ச் சேரட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். கைப்பிடிக்குத் தனியாக ஒரு மடிப்பு வேண்டியிருந்தது, அதற்கு முந்தானையும் போயிற்று. ஒட்டுப் போடக்கூட ஒரு துண்டு மிஞ்சவில்லை.

அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. ஊர் போய்ச் சேரட்டும், பைக்குள் முகத்தை வைத்துப் பாருக்கா என்று போனில் சொல்ல வேண்டும் என்று ஆசை.

கார் ஏறும்போதும் படித்துப் படித்துச் சொன்னேன். "கைப்பையில எடுத்துக்கினு போக்கா."

"எனக்குத் தெரியாதாடி?" என்றாள். மகராசி, பெரிய பெட்டியில் போட்டு, அதன் தலைமேல் வில்லியனூரில் வாங்கிய தோசைக்கல்லை வைத்திருக்கிறாள்!

போன் வந்தபோது டீ கொதித்துக்கொண்டிருந்தது. "எல்லாம் போச்சிடி, ஒண்ணுகூட தேறல" என்று அழுதாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "பை?" என்றேன்.

"பையா? தொட்டாலே நறநறன்னுது, ஆனா ஒரு சில்லு வெளிய வரலடி. இன்னா தையல்! கைய கிழிச்சிக்கப் போறோம்னு பிரிக்கவே இல்ல, ஆறையும் அப்படியே குப்பையில போட்டேன். வண்டி வந்து எடுத்துக்கினு போயிடிச்சி."

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். என் விசும்பல் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"நீ ஏன்டி அழுவுற? உனக்காவது அம்மா பொடவ இருக்குது. நான்தான் வெறுங்கையா நிக்கறேன்."

"ஆமாக்கா, இருக்குது" என்றேன்.